ஜூலை நாலும் ஏப்ரல் ஏழும்

என் வீட்டுக்காரர் ஜெரால்டு தப்பே செய்யாத மனிதர். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலாகத்தான் சொல்கிறேன். தப்பே செய்யாத ஆளோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும். மளிகைச் சீட்டில் போன மாதம் உளுந்து முதலில் இருந்து இந்த மாதம் துவரம்பருப்பு முதலில் வந்துவிட்டால், "வரிசை மாறிருச்சு ஷர்லி" என்பார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. இரண்டுமே நன்றாக எழுதும்.

அப்படிப்பட்டவர் செய்த இரண்டு தப்பை இங்கே சொல்லப்போகிறேன். ஒன்று தெரியாமல் செய்தது, இன்னொன்று தெரிந்தே செய்தது. இதை அவரும் படிப்பார். படிக்கட்டும்.

குவைத்தில் பதினோரு வருடம் ஒரு கட்டடக் கம்பெனியில் காகிதங்களுக்கு எண் போட்டு அடுக்கும் வேலை பார்த்தார். கம்ப்யூட்டரில் எக்செல் பழகியது அங்கேதான். முதுகுத்தண்டு தேய்ந்து ஊருக்கு வந்து சேர்ந்தார். எங்கள் ஊர் விராலிமலையிலிருந்து எட்டு கிலோமீட்டர். ஒரு மாதா கோயில், இருநூற்றுச் சொச்சம் வீடு. பங்கு அலுவலகத்தில் எழுத்து வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு என்று மூன்று பதிவேடு. உட்கார்ந்து பார்க்கிற வேலை, எழுந்தால் கோயில், இறங்கினால் வீடு. நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். இரண்டும் சேர்ந்து வண்டி ஓடியது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பங்கில் அடக்கமான யாராக இருந்தாலும், அவர் இறந்த தேதி வருடா வருடம் வரும்போது காலை ஆறு மணிப் பூசையில் சாமியார் அவர் பெயரை வாசிப்பார். யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். வாசித்து முடித்து, "நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்குத் தந்தருளும் ஆண்டவரே" என்பார். "முடிவில்லாத ஒளி இவர்கள்மேல் ஒளிர்வதாக" என்று நாங்கள் சொல்லுவோம். அரை நிமிடம்கூட ஆகாது.

அந்த அரை நிமிடத்துக்காகத்தான் செபமாலை அக்கா வருடம் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு ஒரே மகன், அருளப்பன். பத்தொன்பது வயதில், ஒரு ஜூலை நாலாம் தேதி, தன்னைத்தானே முடித்துக்கொண்டான். எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முந்தின நாள் என்னிடம் வந்து அம்மாவின் ரவிக்கையை வாங்கிக்கொண்டு, "நல்லாத் தச்சிருக்கீங்கத்தை" என்று சிரித்துவிட்டுப் போனவன். அப்போதிருந்த பெரியவர்கள், இப்படிப் போனவனுக்குத் துக்க மணி அடிக்கக்கூடாது, கோயிலுக்குள் கொண்டுவரக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாகக் குழி வெட்டி, ஜெபம் இல்லாமல் மண் தள்ளினார்கள். பதிவேட்டிலும் ஏற்றவில்லை. அக்கா அன்றைக்கு அழவில்லை. மண்ணைத் தள்ளியவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்து வருடம் கழித்து வேறொரு சாமியார் வந்தார். நல்ல மனிதர். "அவனும் நம்ம புள்ளதான, பேர ஏத்துங்க ஜெரால்டு" என்றார். என் வீட்டுக்காரர்தான் தட்டச்சு செய்தார். அந்த வருடம் ஜூலை நாலாம் தேதி 'அருளப்பன்' என்று வாசித்தபோது அக்கா தரையில் விழுந்து வாய்விட்டு அழுதார். ஐந்து வருட அழுகை. அன்றிலிருந்து ஜூலை நாலு என்றால் அக்கா ஒரு நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். மற்ற நாளெல்லாம் நாலுவழிச் சாலையில் ஒரு ஓட்டலில் விடியற்காலையிலிருந்து பாத்திரம் கழுவும் வேலை. கிழமைநாள் பூசைக்கு வர வழியில்லை. ஞாயிறு சாயங்காலமும் ஜூலை நாலும்தான்.

மற்றவர்கள் தங்கள் வீட்டு நாள் வந்தால் முந்தின நாளே சாமியாரைப் பார்த்து, "நாளைக்கு அப்பா நாளு சாமி" என்று சொல்லிவைப்பார்கள். அவரும் பட்டியலில் பேனாவால் எழுதிக்கொள்வார். அக்கா மட்டும் சொல்லமாட்டார். நானே ஒருமுறை கேட்டேன்.

"கேட்டு வாங்குனா அது பிச்சை, ஷர்லி. அவங்களா வாசிக்கணும். அப்பத்தான் எம்புள்ளய சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்" என்றார்.

இனி அந்தப் பாழாய்ப்போன மேக்ரோ கதைக்கு வருகிறேன்.

இறப்புப் பதிவேடு ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. யாரோ எப்போதோ போட்டுக்கொடுத்த புரோகிராம். அதிலிருந்து வெளியே எடுத்தால் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகத்தான் வரும். எண், பெயர், தெரு, இறந்த தேதி, நடுவில் காற்புள்ளி. அப்படி ஆயிரத்து நானூறு வரி. இவர் சனிக்கிழமைதோறும் அதை பென்டிரைவில் எடுத்து, புதுக் கம்ப்யூட்டரில் எக்செல்லில் கையால் திறந்து, காற்புள்ளி வந்த இடத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்து, வருகிற வாரத்துக்கு உரியவர்களைப் பொறுக்கி அச்சடித்துச் சாமியாரிடம் கொடுப்பார். ஒன்றரை மணி நேர வேலை. அதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும்.

போன வருடம் புத்தாண்டு முடிந்த கையோடு அதற்கு ஒரு மேக்ரோ எழுதினார். மேக்ரோ என்றால் பெரிய மாயமில்லை. நாம் கையால் செய்கிற வேலையை ஒருதரம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதிவைத்துவிட்டால், பொத்தானை அமுக்கினதும் அதுவே எல்லாவற்றையும் செய்துவிடும். பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் வைத்து, அதில் 'வாரப் பட்டியல்' என்று எழுதியிருந்தார். தைத்துக்கொண்டிருந்த என்னை ஆள்விட்டு அழைத்தார்.

"ந்தா பாரு, எண்ணிக்க" என்று பொத்தானை அமுக்கினார். பதினோரு விநாடி. பட்டியல் வந்து நின்றது.

"இதுக்கா என்னை மிசின விட்டு எழுப்புனீங்க?" என்றேன். மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு பாவமாக இருந்ததால், "சரியா வருதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கப்பாவையே தேடிப் பாத்துட்டேன். கரெக்டா செப்டம்பர் இருவத்து மூணுல வந்து உக்காந்துட்டாரு" என்றார். குவைத்திலிருந்து வந்தபிறகு அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் ஏழாம் தேதி, ஒரு திங்கட்கிழமை. காலைப் பூசைக்கு நான் போயிருந்தேன். சாமியார் வாசித்த பெயர்களில் 'அருளப்பன்' என்று ஒன்று வந்தது. என் காதில் விழுந்தது. ஆனால் எங்கள் ஊரில் அருளப்பனுக்கா பஞ்சம்? தாத்தா பெயர் பேரனுக்கு, மாமன் பெயர் மருமகனுக்கு என்று அதே பத்துப் புனிதர்களின் பெயரை மாற்றி மாற்றி வைக்கிற ஊர். பதிவேட்டில் மட்டும் ஒன்பது அருளப்பன் உண்டு. எந்தத் தேதியில் எந்தப் பெயரை வாசித்தாலும் யாரோ ஒருவர் என்று எல்லாரும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். நான் அன்றைக்குப் பதிலாவது சொன்னேனா? ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் கையைக் குட்டையாக வெட்டித் தொலைத்திருந்தேன். என் நினைப்பெல்லாம் அந்தத் துணி மேலேயே இருந்தது.

ஜூலை நாலு வந்தது. அக்கா நீலச் சேலையில் மூன்றாவது வரிசையில் இருந்தார். ஆள் இளைத்துப்போயிருந்தார். எங்கள் புதுச் சாமியார் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. தாளை எடுத்தார்.

"சூசையம்மாள்" என்றார். அவ்வளவுதான். தாளை மடித்துவிட்டார்.

நாங்கள் எல்லாரும், "முடிவில்லாத ஒளி" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அக்கா வாயைத் திறக்கவில்லை. சாமியாரின் கையில் இருந்த அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், அது மறுபடி விரியும் என்பது போல. பூசை முடிந்து எல்லாரும் போனபின்பும் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், "என்னக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல ஆத்தா. காலு மரத்துப்போச்சு" என்றார். என் தோளைப் பிடித்து எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னங்க, செபமாலையக்கா மகன் பேர வாசிக்கலையே? லிஸ்ட்ல விட்டுப்போச்சா?"

இவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அதெப்படி விட்டுப்போகும்? மேக்ரோ ஒரு ஆளையும் விடாது. சாமியாருதான் பாத்துட்டு விட்டிருப்பாரு. புதுசா வந்தவரு. அவன் எப்படிச் செத்தான்னு யாராச்சும் காதுல ஓதியிருப்பாங்க."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்கிறது சரியாத்தான் இருக்கு. நான் போய்க் கேக்குறேன்."

"வேண்டாம். நீ கேட்டேன்னா கத்துவ. கத்துனா ஊர் கூடும். அந்தம்மா கதை மறுபடி எல்லார் வாய்லயும் விழும். சும்மா இரு."

அரைக் கிலோ தக்காளிக்குச் சந்தையையே இரண்டாக்குகிறவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரப்பட வேண்டிய நேரத்தில் ஆத்திரப்படாதவளை என்னவென்று சொல்வது? அந்த வாரத்துப் பட்டியலின் நகல் இவர் மேசையிலேயே கிளிப் போட்டு இருந்தது. ஒருதரம் குனிந்து பார்த்திருந்தால் போதும். இவரும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. சாமியாரைச் சந்தேகப்படுவது எங்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

அக்கா அதற்குப் பிறகு கோயில் பக்கம் வரவேயில்லை. ஆகஸ்டில் ஒருமுறை விராலிமலை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "வரவே மாட்டேங்கிறீங்களே அக்கா" என்றதற்கு, "ஒடம்புக்கு முடியல" என்றார். நானும் அதைச் சரியென்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. இவர் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். சோறு போட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஷர்லி, வர்ற வியாழக்கிழமை கொத்தனார் மிக்கேல் செத்துப்போறாரு" என்றார்.

கொத்தனார் மிக்கேல் பிப்ரவரி பத்தாம் தேதியே செத்துவிட்டார். குழிக்குள் இறக்கும்போது கயிறு பிடித்த நாலு பேரில் இவரும் ஒருவர். முதுகு வலிக்கு நான்தான் தைலம் தேய்த்தேன். "என்னங்க உளர்றீங்க?" என்றேன்.

பையிலிருந்து பட்டியலை எடுத்து நீட்டினார். மிக்கேல், மேலத்தெரு, இறந்த தேதி அக்டோபர் இரண்டு, இந்த வருடம். அக்டோபர் இரண்டு வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.

"பத்து, ரெண்டுன்னு ஃபைல்ல இருக்கு. பத்தாந்தேதி, ரெண்டாம் மாசம். மேக்ரோ அதை ரெண்டாந்தேதி, பத்தாம் மாசம்னு எடுத்துக்கிருச்சு" என்றார். "அமெரிக்காக்காரன் மாசத்தை முன்னால எழுதுவான். நான் கையால தொறந்தப்ப கம்ப்யூட்டரு நம்ம வழக்கப்படி சரியாத்தான் தொறந்துச்சு. மேக்ரோ தொறந்தா அவன் வழக்கப்படி தொறக்குது. அது எனக்குத் தெரியல."

"ஒங்கப்பாவுக்குச் சரியா வந்துச்சே?"

"இருவத்து மூணாம் மாசம்னு ஒண்ணு இல்லையே. அதனால அதை மாத்த முடியாம விட்டிருச்சு. பன்னெண்டு தேதிக்குள்ள செத்தவங்க எல்லாரும் மாறிட்டாங்க. ஐந்நூறு பேருக்கு மேல."

ஐந்நூறு பேர் என்று சொன்னாலும், எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது ஒரே ஒரு பெயர்தான் மனதில் இருந்தது. நாலு, ஏழு. நாலாந்தேதி, ஏழாம் மாதம். திருப்பிப் போட்டால் ஏப்ரல் ஏழு. எனக்கு அந்தத் திங்கட்கிழமையும், குட்டையாகப்போன அந்த ரவிக்கையும் நினைவுக்கு வந்தன.

"வாசிச்சாங்க. நான் கேட்டேன். ஏப்ரல்லயே வாசிச்சுட்டாங்க" என்றேன். அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். அவர் சோற்றில் கை வைக்கவேயில்லை.

சாமியாரிடம் போய்ச் சொன்னார். சாமியார் திட்டவில்லை. "தாள்ல இல்லாத பேர நான் எப்படி வாசிப்பேன் ஜெரால்டு? இத்தனை மாசமா என்னைப் பத்தியா இப்படி நெனச்சுக்கிட்டிருந்தீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று இவர் சொன்னார்.

அக்கா வீடு பூட்டிக்கிடந்தது. ஓட்டலில் விசாரித்தபோது, வயிற்றில் கட்டி, ஆகஸ்டிலேயே தம்பி வந்து அழைத்துப்போய்விட்டார் என்றார்கள். தம்பி மலையாண்டி, நார்த்தாமலைக்குப் பக்கத்தில் விவசாயம். அக்கா பிறந்தது இந்து வீட்டில். காதலித்துக் கட்டிக்கொண்டபோது ஞானஸ்நானம் வாங்கிச் செபமாலை ஆனவர். திங்கட்கிழமை மொபெட்டில் கிளம்பினோம்.

"செவந்தியக்கா, ஒன்னைப் பாக்க ஆளு வந்திருக்காக" என்று மலையாண்டி உள்ளே குரல் கொடுத்தார். எங்கள் செபமாலை அந்த வீட்டில் செவந்தி. கட்டிலில் ஒரு கைப்பிடி ஆளாகக் கிடந்தார். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, டெக்ஸ்ட் ஃபைல், எக்செல், மேக்ரோ, அமெரிக்காக்காரன் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவருக்கு வேறுவிதமாகச் சொல்லத் தெரியாது. அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, பேர எடுக்கலையா?" என்றார் கடைசியில்.

"எடுக்கலங்க அக்கா. சத்தியமா எடுக்கல. தேதிதான் மாறிப்போச்சு. என் தப்பு."

"வாசிச்சாகளா?"

"ஏப்ரல் ஏழாந்தேதி வாசிச்சாங்க அக்கா."

அக்கா கண்ணைத் திறந்தார். "அன்னைக்குக் கோயில்ல யாரு இருந்தா?"

"நான் இருந்தேன் அக்கா" என்றேன்.

என் கையைத் தேடிப் பிடித்தார். எலும்புதான் இருந்தது. "எம்புள்ளைக்கு நீ பதில் சொன்னியா ஆத்தா? ஒளி ஒளிர்வதாகன்னு சொன்னியா?"

"சொன்னேன் அக்கா. நல்லாச் சத்தமாச் சொன்னேன்."

"போதும்" என்றார். "நான் ஊரைத் தப்பா நெனச்சுட்டேன்." கொஞ்ச நேரம் கழித்துத் தூங்கிவிட்டார். நான் வெளியே வந்து அடிகுழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அந்தப் பொய்யை இதுவரை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொன்னதில்லை. சொல்லப் போவதுமில்லை.

நவம்பர் பத்தொன்பதில் அக்கா போய்விட்டார். எங்களுக்குத் தகவல் வருவதற்குள் அவர்கள் முறைப்படி எரித்துவிட்டார்கள். மகன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கலாமே என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "ஆகஸ்ட்லயே நான் கேட்டேங்க. எம்மகனையே வச்சுக்காத எடத்துல எனக்கென்ன வேலைன்னு சொல்லிருச்சு. நீங்க வந்துட்டுப் போனப்பறம் நெனவு சரியா இல்ல. மறுபடி கேக்கத் தோணல" என்றார் மலையாண்டி. அவர்மேல் என்ன குற்றம்? எங்கள் கல்லறையில் அடக்கமாகாதவர் பெயர் எங்கள் பதிவேட்டில் ஏறாது. அதுதான் விதி. வேலியோரத்தில் அருளப்பன் மட்டும் தனியாகக் கிடக்கிறான்.

மேக்ரோவைச் சரிசெய்ய ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதுமாம். சேர்த்துவிட்டார். இப்போது தேதி சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் சனிக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, பட்டியலை டெக்ஸ்ட் ஃபைலோடு வரி வரியாக வைத்துப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். முதுகு வலிக்கிறதே என்றால் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். என் மளிகைச் சீட்டில் வரிசை மாறினால் இப்போது அவர் கேட்பதுமில்லை. கேட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

இந்த வருடம் ஜூலை நாலு. நான் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். இவர் ஆண்கள் பக்கம் தூணோரமாக நின்றார். சாமியார் தாளை விரித்தார்.

"அருளப்பன். செபமாலை."

திரும்பி இவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "முடிவில்லாத ஒளி இவர்கள்மேல் ஒளிர்வதாக" என்று நான் கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், ஏப்ரலுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து இட்லி வைத்தேன்.

"அக்கா செத்தது நவம்பர் பத்தொம்பது" என்றேன்.

"ஆமா."

"நம்ம கல்லறையிலயும் இல்ல."

"ஆமா."

"தேதி தப்பாப் போட்டிருக்கீங்க."

"தெரியும்" என்றார். பையிலிருந்த இரண்டு பேனாவையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.